இற்றுப்போன வாஷ்ரூம் தரைக்கு எந்தப் பலகை?

கேள்வி சுருக்கமாக இது: டொராண்டோவின் ஸ்கார்பரோவில் 1960களில் கட்டிய ஒற்றைத் தள வீடு, கீழே பேஸ்மெண்ட். டாய்லெட்டைச் சுற்றித் தரை அமுங்குகிறது. வினைல் ஷீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பலகை கறுத்துப்போய், கிள்ளினால் கையோடு வருகிறது. கடையில் ஓஎஸ்பி (மரச் சீவல் பலகை), பிளைவுட், எம்டிஎஃப் (மரநார் பலகை), பிரஷர் ட்ரீட்டட் (மருந்தேற்றியது) என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து அண்ணன் போனில், “மரைன் பிளை போட்டுவிடு, ஆயுசுக்கும் கவலை இல்லை” என்கிறார். எதை வாங்குவது, எவ்வளவு தடிமன்?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கடையில் முக்கால் அங்குலம் என்று விற்கும் சாதாரண சாஃப்ட்வுட் (ஊசியிலை மர) பிளைவுட், அதாவது 18.5 மிமீ, ஒரு ஷீட் வாங்குங்கள். உங்கள் பழைய தரை அதைவிட மெலிதாக இருந்தால் மட்டும் 15.5 மிமீ. மரைன் பிளை தேவையில்லை, பிரஷர் ட்ரீட்டட் வேண்டாம், எம்டிஎஃப் பக்கமே போகாதீர்கள். ஓஎஸ்பி போடலாம், கட்டட விதிப்படி தப்பில்லை. ஆனால் டாய்லெட் இருக்கிற அறைக்கு நான் போட மாட்டேன். இந்த வேலையில் பலகைச் செலவு சின்னது. அந்தப் பலகையின் விளிம்பு எதன் மேல் உட்காருகிறது, பழைய கசிவு நின்றுவிட்டதா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாமல் எந்தப் பலகை போட்டாலும் சில வருஷத்தில் அதே இடத்தில் திரும்பவும் குனிந்து நிற்பீர்கள்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. வினைலைத் தூக்கிப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள், அதோடு நிறுத்துங்கள். அந்தக் காலத்து வினைல் ஷீட்டின் அடிப்பக்கத்திலும், ஒன்பது அங்குலச் சதுர ஓடுகளிலும், அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கனடாவில் சட்டப்படியான தடை வந்ததே 2018 டிசம்பரில்தான். தண்ணீர் தெளித்து நனைத்து, எல்லா அடுக்கும் சேர்ந்தாற்போல ஒரு சின்னத் துண்டை வெட்டி, இரண்டு ஜிப் பைக்குள் போட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். இருக்கிறது என்று வந்தால் அந்த அடுக்கை எடுப்பது உங்கள் வேலை இல்லை, அதற்குரிய ஆட்களைக் கூப்பிடுங்கள். சாண்டர் போட்டுத் தேய்ப்பது, காய்ந்த நிலையில் சுரண்டுவது இரண்டும் கூடவே கூடாது.

அது இல்லை என்று தெரிந்த பிறகு, எவ்வளவு தூரம் இற்றிருக்கிறது என்று பாருங்கள். கறுப்பு நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கறை பிடித்தும் மரம் நன்றாக இருக்கலாம், நிறம் மாறாமலே உள்ளே போயிருக்கலாம். கூரான ஸ்க்ரூடிரைவரையோ குத்தூசியையோ மரத்தில் சாய்வாகக் குத்தி மேலே நெம்புங்கள். நல்ல மரமாக இருந்தால் ‘சடக்’ என்று சத்தத்தோடு நீள நாராகச் சிலும்பு கிளம்பும். இற்ற மரம் சத்தமே இல்லாமல், குத்திய இடத்திலேயே குறுக்காகப் பொட்டென்று உடையும். பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்திருந்தால் பூஞ்சை நன்றாகவே தின்றுவிட்டது என்று அர்த்தம். இந்தச் சோதனையை வட்டமாக வெளிப்பக்கம் நோக்கிச் செய்துகொண்டே போய், நார் கிளம்புகிற இடம் வந்ததும் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து இன்னும் அரை அடியாவது தள்ளித்தான் வெட்ட வேண்டும்.

பேஸ்மெண்ட் பக்கமிருந்தும் பாருங்கள். கீழே சீலிங் போட்டிருந்தால் டாய்லெட்டுக்கு நேர் கீழே ஒரு சதுரம் வெட்டி எடுப்பதற்குத் தயங்க வேண்டாம். டிரைவாலை, அதாவது சீலிங்கின் ஜிப்சம் பலகையை, ஒட்டிப் பூசுவது எளிது. தெரியாத ஒன்றின் மேல் புதுத் தரை போடுவதுதான் ஆபத்து. டிரைவாலின் இணைப்புப் பூச்சிலும் அந்தக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது உண்டு, ஆகவே அதையும் முதல் மாதிரியோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? டாய்லெட்டுக்கும் கழிவுக் குழாயின் ஃபிளாஞ்சுக்கும் (குழாயின் வாயில் தரையோடு இறுக்கிய வளையம்) நடுவில் இருக்கும் மெழுகு வளையம் விட்டுப்போயிருக்கலாம். டாய்லெட் லேசாக ஆடினாலே போதும். மெழுகு ஒரு தடவை நசுங்கினால் திரும்ப எழாது, ஒவ்வொரு ஃபிளஷுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இன்னொரு காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. டொராண்டோவின் ஜூலைப் புழுக்கத்தில், குளிர்ந்த குழாய்த் தண்ணீர் நிரம்பிய பீங்கான் தொட்டியின் வெளிப்பக்கம் வியர்த்துக் கொட்டும். கோடை முழுக்கச் சொட்டுகிற அந்த நீர் டாய்லெட்டின் பின்பக்கத் தரையை மெல்ல அழிக்கும். இற்ற இடம் ஃபிளாஞ்சைச் சுற்றி வட்டமாக இருந்தால் மெழுகு வளையம், பின்சுவர் ஓரமாக இருந்தால் தொட்டி வியர்வை அல்லது தண்ணீர் வரும் வால்வு, பாத்டப் ஓரமாக நீண்டிருந்தால் ஷவர் தண்ணீர். பெரும்பாலும் இந்தக் கணக்கு தப்பாது.

வெட்டி எடுத்ததும் காய விடுங்கள். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்கு வாழ வழியில்லை. கட்டட விதியும் மரம் பொருத்தும்போது ஈரம் 19 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி ஊசியைக் குத்திப் பாருங்கள். நான் 15, 16 வரை இறங்கும்வரை மூட மாட்டேன். ஃபேனும் டிஹியூமிடிஃபையரும் ஓடட்டும். பிளீச் ஊற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது மேல்பரப்பை வெளுக்கும், அதிலிருக்கிற தண்ணீர் மரத்துக்குள் இறங்கும். மிச்சமிருக்கும் நல்ல மரத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் போரேட் கரைசல் பூசுங்கள், அது கொஞ்சம் உள்ளே ஊறும்.

இப்போது ஜாயிஸ்ட், அதாவது தரையைத் தாங்கும் மர உத்திரங்கள். 1960களின் வீடுகளில் இவை பெரும்பாலும் இரண்டுக்கு எட்டு அல்லது இரண்டுக்குப் பத்து அங்குலம், 16 அங்குல இடைவெளியில் இருக்கும். இதையும் அதே குத்தூசியால் குத்திப் பாருங்கள். மேல் விளிம்பில் கால் அங்குலம் மட்டும் மெத்தென்று இருந்தால் அதைச் சீவிவிட்டு, அதே அளவுள்ள புது மரத்தைப் பக்கத்தில் பசையோடும் போல்ட்டோடும் சேர்த்துக் கட்டலாம். சுவர் மேல் உட்காரும் முனை இற்றிருந்தால் நீங்களாகத் தொடாதீர்கள்.

டாய்லெட்டுக்குக் கீழே இன்னொன்றும் காத்திருக்கலாம்: பிளம்பரின் கைவரிசை. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் விதிப்படி ஜாயிஸ்டில் போடும் துளை அதன் ஆழத்தில் கால்வாசிக்கு மேல் போகக் கூடாது, விளிம்பிலிருந்து 50 மிமீ தள்ளி இருக்க வேண்டும். இரண்டுக்கு எட்டு மரத்தின் உண்மையான ஆழம் 184 மிமீ; கால்வாசி என்றால் 46. டாய்லெட்டின் மூன்று அங்குலக் கழிவுக் குழாயின் வெளிவிட்டமோ 89 மிமீ. அது முறைப்படி அந்த மரத்துக்குள் போகவே வழியில்லை. ஆனாலும் பழைய வீடுகளைத் திறந்தால் ஜாயிஸ்டை முக்கால்வாசி கடித்து எடுத்து, குழாயை நுழைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அப்படி இருந்தால், வெட்டுப்பட்ட ஜாயிஸ்டின் முனைகளைக் குறுக்கு மரத்தில் தாங்க வைத்து, அந்தக் குறுக்கு மரத்தைப் பக்கத்து ஜாயிஸ்ட்களோடு உலோகக் கொக்கியில் கட்ட வேண்டும். தரை அமுங்கியதற்கு இற்ற பலகை பாதிக் காரணம், இது மறுபாதி என்று அப்போது தெரியும்.

சரி, பலகைக்கு வருவோம். என்ன தடிமன் வேண்டும் என்பதைக் கடையில் முடிவு செய்யாதீர்கள், வீட்டிலேயே பாருங்கள். வாஷ்ரூமில் சூடான காற்று வரும் தரைக் கிரில் இருக்குமல்லவா, அதைத் தூக்கினால் தரையின் குறுக்குவெட்டு முழுசாகத் தெரியும்: மேலே வினைல், அதன் கீழ் கால் அங்குல அண்டர்லே (மட்டமாக்கும் மெல்லிய பலகை), அதன் கீழ் ஜாயிஸ்ட் மேல் அடித்த சப்ஃபுளோர் (அடித்தரைப் பலகை). ஒவ்வொரு அடுக்கையும் தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த வயசு வீட்டில் சப்ஃபுளோர் ஒன்று குறுக்குச் சாய்வாக அடித்த பலகைகளாக இருக்கும், முக்கால் அங்குலம். அல்லது அரை அங்குலமோ எட்டில் ஐந்து அங்குலமோ உள்ள பிளைவுட்டாக இருக்கும். இப்போதைய விதியின் குறைந்தபட்சம், 16 அங்குல இடைவெளிக்கு 15.5 மிமீ, 24 அங்குலத்துக்கு 18.5 மிமீ. குறைந்தபட்சம் என்பது உடையாமல் நிற்பதற்கான கணக்கு. மேலே டைல் ஒட்டினால் வெடிக்காமல் இருப்பதற்கு அது போதாது. அதனால்தான் 16 அங்குல இடைவெளியிலும் நான் 18.5 என்கிறேன். பழைய தரை அதைவிட ஒன்றிரண்டு மிமீ உயரமாக இருந்தால் ஜாயிஸ்ட் மேல் தார்த்தாள் கீற்றுகளை அடித்து மட்டம் கொண்டுவரலாம். புதுப் பலகை உயர்ந்துவிட்டால் சரிசெய்வதுதான் பெரும்பாடு.

பிளைவுட்டா, ஓஎஸ்பியா என்ற சண்டை ஓயாதது. வலிமையில் இரண்டும் ஒரே விதிக்கு உட்பட்டவை, ஜாயிஸ்டுக்கு நடுவே ஒரே எடையைத் தாங்கும். பசையும் ஒரே சாதி: பெரும்பாலும் ஃபீனால் வகை, தண்ணீருக்குக் கரையாதது. சாஃப்ட்வுட் பிளைவுட்டின் விளிம்பைப் பார்த்தால் அடுக்குகளுக்கு நடுவே கரும்பழுப்புக் கோடு ஓடும், அது இந்தப் பசைதான். வித்தியாசம் நனைந்த பிறகுதான். ஓஎஸ்பி என்பது மரச் சீவல்களை அழுத்தி ஒட்டியது. வெட்டிய விளிம்பில் தண்ணீர் ஏறினால் அந்த அழுத்தம் விடுபட்டு விளிம்பு வீங்கும், காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. மேலே வினைல் போட்டிருந்தால் அந்த மேடு கோடாகத் தெரியும். ஈரத்தை உள்ளே பிடித்தும் வைத்துக்கொள்ளும். பிளைவுட்டும் வீங்கும், ஆனால் பரவலாக வீங்கி, காய்ந்ததும் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வரும், சீக்கிரமும் காயும். டாய்லெட்டுக்காக நடுவில் வட்டத்துளை போடப் போகிறீர்கள். அந்தத் துளையின் விளிம்பு, தண்ணீர் வரக்கூடிய இடத்திலேயே திறந்து கிடக்கும் விளிம்பு. வாஷ்ரூமுக்கு நான் ஓஎஸ்பி போடாததற்கு இந்த ஒரே காரணம்தான். படுக்கையறை என்றால் மலிவானதை எடுங்கள் என்றே சொல்வேன்.

எம்டிஎஃபும் பார்ட்டிகிள் போர்டும் வழவழவென்று சமமாக இருப்பதைப் பார்த்து எடுத்துவிடுகிறார்கள். சாதாரணமாக விற்பவை உள்ளறை அலமாரிக்கான யூரியா பசையில் செய்தவை. தண்ணீர் பட்டால் டீயில் ஊறிய ரஸ்க் கதிதான். பிர்ச் முகம் ஒட்டிய அழகான ஹார்ட்வுட் பிளைவுட்டும் அலமாரிக்கு உரியதே, விலையைப் பார்த்து ‘இது உசத்தி’ என்று ஏமாற வேண்டாம்.

அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் அது அந்த ஊருக்கான நியாயம். இந்தியாவில் கடைக்குப் போனால் ஐஎஸ் 303 என்ற சாதாரண பிளையும் ஐஎஸ் 710 என்ற மரைன் பிளையும்தான் கண்முன் நிற்கும், கிச்சன் அலமாரிக்கு இரண்டாவதை எடுப்பது புத்திசாலித்தனம். அங்கே 710 தரத்தில் பூச்சி, பூஞ்சை மருந்தேற்றுவதும் அடக்கம். வட அமெரிக்காவில் படகுக்காக விற்கும் மரைன் பிளைவுட்டின் சிறப்பு வேறு: உள்ளடுக்குகளில் ஓட்டை இல்லாதது, முகம் சுத்தமானது. தனியாக மருந்தேற்றாவிட்டால் அதுவும் ஈரத்தில் இற்றுத்தான் போகும். பல மடங்கு விலை கொடுத்து வாங்கி, கசிகிற டாய்லெட்டுக்குக் கீழே போடுவதில் பயனில்லை.

பிரஷர் ட்ரீட்டட் பற்றி: அதில் ஏற்றுவது செம்பு கலந்த மருந்து, சாதாரண ஸ்க்ரூவை அரிக்கும். கடையில் பெரும்பாலும் ஈரத்தோடு இருக்கும், வீட்டுக்குள் வந்து காயும்போது சுருங்கி வளையும். மேலே ஒட்டும் பசையோடும் எப்போதும் ஒத்துப்போகாது. ஒரு பேச்சுக்கு, தரை இற்றாமலே நின்றது என்று வைத்துக்கொள்வோம். கசிவு மட்டும் தெரியாமல் தொடர்ந்து, பக்கத்து ஜாயிஸ்டைத் தின்றுகொண்டிருக்கும். இது நல்லதா?

வாங்கும்போது முத்திரையைப் படியுங்கள். விலைச் சீட்டைவிட அது உண்மை பேசும். பிளைவுட்டில் சிஎஸ்ஏ (கனடாவின் தர அமைப்பு) ஓ121 என்றால் டக்ளஸ் ஃபர், ஓ151 என்றால் கனேடிய சாஃப்ட்வுட். தரைக்கு இரண்டுமே சரி, கூடவே ‘எக்ஸ்டீரியர்’ என்று இருக்க வேண்டும். ஓஎஸ்பி எடுக்க நேர்ந்தால் ஓ325 என்ற எண்ணோடு ‘1எஃப்16’, ‘2எஃப்16’, ‘1எஃப்24’ போன்ற குறிகள் இருக்கும். எஃப் தரையைக் குறிக்கிறது. கடைசி எண் ஜாயிஸ்ட் இடைவெளி, அங்குலத்தில். முன்னால் 1 இருந்தால் அந்தப் பலகை தனியாகவே தரையாக நிற்கும், 2 இருந்தால் மேலே இன்னொரு அண்டர்லே வேண்டும். ஆர் என்றும் டபிள்யூ என்றும் மட்டும் போட்டிருந்தால் அது கூரைக்கும் சுவருக்கும் உரியது, மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். ஷீட்டை விளிம்புப் பக்கமாகக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு பாருங்கள், மேலேயும் கீழேயும் உள்ள இரண்டைத் தள்ளிவிட்டு நடுவிலிருந்து எடுங்கள். நாலுக்கு எட்டு ஷீட் வாஷ்ரூம் கதவுக்குள் திரும்பாது. கடையிலேயே அளவுக்கு வெட்டி வாங்கிவிடுங்கள்.

பலகை ஓரத்தில் நாக்கும் பள்ளமும் உள்ளது கிடைக்கும். முழு அறைக்கு அது அருமை. ஒட்டுப்போடுவதற்கு, பழைய பலகையின் நேர் விளிம்போடு நாக்கு சேராது, அதை அறுத்துவிட்டு அந்த இணைப்புக்குக் கீழே குறுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஆகவே உங்களுக்கு நேர் விளிம்பே போதும்.

ஒட்டுப்போடும்போது எல்லோரும் இற்ற இடத்தை மட்டும் சின்னச் சதுரமாக வெட்டப் பார்ப்பார்கள். அது வேண்டாம். பிளைவுட்டின் பலம் அதன் முகத்து நார் ஓடும் திசையில். அந்த நார் ஜாயிஸ்டுக்குக் குறுக்காக ஓட வேண்டும், பலகை மூன்று ஜாயிஸ்ட் மேலாவது படர வேண்டும். ஒரே இடைவெளிக்குள் அடங்கும் துண்டு அதே தடிமனிலும் அதிகமாக வளையும். எனவே பெரிதாகவே வெட்டுங்கள்; சின்ன வாஷ்ரூம் என்றால் சுவருக்குச் சுவர் மாற்றிவிடுவதே குறைந்த தலைவலி. வட்ட ரம்பத்தின் ஆழத்தைச் சப்ஃபுளோர் தடிமனுக்கு மட்டும் வைத்து, ஜாயிஸ்டின் நடுக்கோட்டில் வெட்டுங்கள். ஜாயிஸ்ட் ஒன்றரை அங்குல அகலம். பழசுக்கு முக்கால், புதுசுக்கு முக்கால் கிடைக்கும். நடுக்கோடு அமையாவிட்டால் ஜாயிஸ்டின் பக்கவாட்டில் இரண்டுக்கு நாலு கட்டையை மேல்மட்டம் சேர அடித்து, அதன் மேல் உட்கார வைக்கலாம். ஜாயிஸ்டுக்குக் குறுக்கே வரும் விளிம்புகளுக்கும் கட்டை வேண்டும். அந்தரத்தில் ஒரு விளிம்பும் நிற்கக் கூடாது.

ஜாயிஸ்ட் மேல் பாலியூரித்தேன் கட்டுமானப் பசையைக் கோடாகப் போட்டு, பசை தோல் கட்டும் முன் பலகையை வைத்து ஸ்க்ரூ போடுங்கள்: விளிம்பில் ஆறு அங்குலத்துக்கு ஒன்று, நடுவில் பன்னிரண்டுக்கு ஒன்று. கையில் இருக்கிறது என்று கறுப்பு டிரைவால் ஸ்க்ரூவைப் போடாதீர்கள், அது நொறுங்கும் ஜாதி. நடக்க நடக்கத் தலை துண்டாகும், தரை கீச்சிடும். பலகைகளுக்கு நடுவே 3 மிமீ சந்து விடுங்கள், பெரிய ஆணி ஒன்றை இடையில் வைத்தால் அளவு சரியாக வரும். நெருக்கி அடித்தால் கோடைப் புழுக்கத்தில் இரண்டும் முட்டிக்கொண்டு மேடு தட்டும். ஃபிளாஞ்ச் துளையின் உள்விளிம்பில் வெளிப்புற பிரைமர் இரண்டு கை அடித்துவிடுங்கள். பைசா செலவுதான், பலகையின் பலவீனமான இடம் அதோடு மூடிவிடும்.

மேலே டைல் போடுவதாக இருந்தால் பிளைவுட்டின் மேல் நேராக ஒட்டாமல் நடுவில் சிமெண்ட் போர்டோ, ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் மேட்டோ போடுங்கள். மரத்தின் அசைவு அப்போது டைலுக்கு அப்படியே போகாது. வினைல் ஷீட் என்றால் கால் அங்குல அண்டர்லே பிளைவுட்டைச் சப்ஃபுளோரின் இணைப்புக் கோட்டிலிருந்து தள்ளி அடித்து, அதன் சந்துகளை அடைத்து மட்டமாக்கிய பிறகு ஒட்டுங்கள்.

அப்புறம் டாய்லெட்டைத் திரும்ப வைப்பது. ஃபிளாஞ்ச் முடிந்த தரையின் மேல் உட்கார வேண்டும், தரைக்குள் புதைந்திருக்கக் கூடாது. புதைந்திருந்தால் உயர்த்தும் வளையம் கிடைக்கிறது. மெழுகு மேல் மெழுகாக இரண்டு வைத்துச் சமாளிக்க வேண்டாம். ஃபிளாஞ்சைப் புதுப் பிளைவுட்டில் துருப்பிடிக்காத ஸ்க்ரூவால் இறுக்குங்கள். டாய்லெட் ஆடினால் பிளாஸ்டிக் ஆப்பு வைத்து ஆட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் நட்டை முறுக்க வேண்டும். அடிப்பாகத்தைச் சுற்றி முன்னாலும் பக்கத்திலும் காக் (சந்தை அடைக்கும் பசை) பூசுங்கள், பின்பக்கம் இரண்டு மூன்று அங்குலம் திறந்தே விடுங்கள். மெழுகு வளையம் மறுபடி கசிந்தால் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து உங்கள் காலில் படும், பலகைக்குள் தேங்காது.